கடைசிக் கேன் வரும் வரை

குரு என்றால் நரைத்த தாடி வேண்டும், சீடன் என்றால் அரும்பு மீசை வேண்டும் என்று யார் விதித்தார்களோ தெரியாது. நான் சொல்லப்போகும் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. வள்ளியூர்க்காரர், நர்ஸ், பெயர் எப்சிபா. சீடருக்கு ஐம்பத்தொன்பது. திசையன்விளை மாசிலாமணி. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர்.

இரண்டு பேரையும் ஒரே மிஷனரி சங்கம்தான் மலாவி நாட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் முதல் வருஷம் முழுவதும், அங்கே முன்பே இருக்கிறவருக்குச் சீடராக இருக்க வேண்டும். என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். வயது கணக்கில் வராது. எப்சிபா அங்கே எட்டு வருஷம் இருந்தவர். மாசிலாமணி ஆகஸ்டில் போய் இறங்கியவர்.

மனைவி இறந்து மூன்று வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பென்ஷனை வாங்கிக்கொண்டு வராந்தாவில் பேப்பர் படிக்க அவருக்கு மனமில்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டிக்குச் சூரிய மின்சாரம் போட ஆள் வேண்டும் என்று சபையில் அறிவித்தார்கள். ஆராதனை முடிவதற்குள் பெயர் கொடுத்துவிட்டார்.

எப்சிபாவின் ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை. பக்கத்தில் ஓலை வேய்ந்த சின்ன ஆலயம். கீழே ஆறு. வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அக்டோபரில் எப்சிபா வடக்கே இன்னொரு ஆஸ்பத்திரிக்கு நான்கு மாதம் போனார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"எது செஞ்சாலும் ஊர்ல கேட்டுட்டுச் செய்ங்க அண்ணாச்சி."

"கேக்காம செய்வேனா?"

கேட்கவும் செய்தார். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை வைப்பதென்று மாசிலாமணி முடிவு செய்தார். அந்த ஊரில் அப்போது யாரும் விதைக்கவே இல்லை. மழை வந்த பிறகுதான் விதைப்பு, ஏப்ரலில்தான் அறுப்பு. அவர் கையிலிருந்தது திசையன்விளைக் காலண்டர். பண்டிகை என்றால் பந்தல் வேண்டும். பந்தல் இல்லாத பண்டிகையை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

கோடைக்கு ஆறு வற்றி நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. கரையோர மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குச் சற்று தள்ளி, காய்ந்த மணலில் அரை வட்டமாகக் கம்புகள் நின்றன. ஆள் உயரத்துக்கும் மேலே, கைப்பிடிப் பருமன், நேரான கம்புகள். ஒன்றுக்கும் உதவாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

"இது யாரோடது?" என்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

"ஊரோடது," என்றார் உபதேசியார்.

"கோயிலும் ஊரோடதுதான," என்றார் மாசிலாமணி.

உபதேசியார் அந்த ஊர் மனிதர். விருந்தாளி ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்வது அங்கே வழக்கமில்லை. சும்மா நின்றார். மாசிலாமணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்த நல்ல கம்புகளாகப் பார்த்துப் பதிமூன்றைப் பிடுங்கினார். ஒன்பது கம்பு கால், நான்கு கம்பு குறுக்கு. ஆலயத்து வாசலில் பந்தல் அருமையாக அமைந்தது.

அந்தப் பந்தலில் நின்று அவர் முதல் பிரசங்கம் செய்தார். வேலியும் பூட்டும் நம்மைக் காப்பதில்லை, கர்த்தர் காக்கிறார், ஒன்றுக்கும் பயப்படாதீர்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். உபதேசியார் மொழிபெயர்த்தார். பெண்கள் பந்தல் காலைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பிரசங்கம் பிடித்துப்போயிற்று என்று அவர் சந்தோஷப்பட்டார்.

டிசம்பரில் மழை கொட்டியது. ஆறு கரை வரைக்கும் ஏறி வந்தது. மணல் ஊற்று, மீந்த கம்புகளின் அடிப்பாதி எல்லாம் தண்ணீருக்குள் போயின.

தினமும் காலை எட்டு மணிக்கு மாசிலாமணி பச்சைக் கேனோடு ஆற்றுக்குப் போவார். பெண்கள் அதற்குள் எடுத்து முடித்திருப்பார்கள். அவர் கேன்தான் கடைசி. இறங்குமுன் கண்ணை மூடி, பாதுகாப்புக்காக ஒரு ஜெபம். ஆற்றில் முதலை உண்டென்று அவருக்குத் தெரியும். முழங்காலளவுத் தண்ணீரில் நின்று கேனை அமுக்கி நிரப்புவார். ஒரு நாள்கூட ஒரு சலசலப்பும் இருந்ததில்லை.

ஒரே ஒரு மனிதர் மட்டும் அந்த நேரத்தில் தண்ணீரில் இருப்பார். மார்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு, நீளத் தடியால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருப்பார். பெயர் மசாவுகோ. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆலயத்துப் பக்கமே வராதவர். இவரைக் கண்டால் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த ஊர் மரியாதைப்படி இரண்டு கையையும் குவித்து மெல்லத் தட்டுவார். இவரும் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார். இவர் கேனைத் தூக்கிக்கொண்டு மேடேறின பிறகுதான் அவர் கரையேறுவார்.

மீன் பிடிக்கிறார் என்று மாசிலாமணி நினைத்தார். மகளுக்கும் அப்படித்தான் எழுதினார். "இங்கே ஒரு ஆள் தினமும் வலையே இல்லாமல் மீன் பிடிக்கிறார். இதுவரை ஒரு குஞ்சு மீன் கிடைத்து நான் பார்க்கவில்லை. ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி. பாவம், அவருக்கு மீன் கிடைக்க ஜெபித்துக்கொள்." அதே கடிதத்தில் இன்னொரு வரியும் உண்டு. "முதலை ஆற்றில்தான் தினமும் இறங்குகிறேன். கர்த்தர் காக்கிறார் என்பதை ஊரில் புத்தகத்தில் படித்தேன், இங்கே கண்ணால் பார்க்கிறேன்."

ஜனவரி கடைசியில் செய்தி வந்தது. ஆற்றோரமாகவே பத்து மைல் கீழே ஊழியம் செய்துகொண்டிருந்த அதே சங்கத்து ரூபன், சைக்கிளில் வந்து, சேறான காலைக் கழுவ ஆற்றில் இறங்கியிருக்கிறார். முதலை இழுத்துப் போய்விட்டது. அவ்வளவுதான். இருபத்தொன்பது வயது. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும்.

மாசிலாமணிக்கு அன்றோடு எல்லாம் நின்றுபோயிற்று. ரூபனும் அவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். ஒரே ஜெபத்தைச் சொல்லித் தண்ணீரில் இறங்கியவர்கள். மறுநாள் கேனை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். கால் வரவில்லை. கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் குடித்துக்கொண்டார். ஜெபம் செய்ய வாய் வரவில்லை. அதுதான் தண்ணீரைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது.

சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். உடல்நிலை சரியில்லை, திரும்ப வருகிறேன். பட்டணத்திலிருந்து மருந்து கொண்டுவரும் வண்டி வெள்ளிக்கிழமைதோறும் பத்து மணிக்கு வரும். அதில் போய்விடுவது என்று பெட்டியைக் கட்டினார்.

வியாழக்கிழமை எப்சிபா திரும்பி வந்தார்.

பெட்டியைப் பார்த்தார். ஆலயத்து வாசலில் பந்தலைப் பார்த்தார். அதன் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தனியாக ஆற்றுப் பக்கம் போய், யார் யாரிடமோ பேசிவிட்டு, சாயங்காலம் வந்து பந்தலுக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி எதிரே நின்றார். "ஒரு கேள்வி கேக்கணும் சிஸ்டர்."

"உக்காந்து கேளுங்க அண்ணாச்சி."

"நானும் ஜெபிச்சேன். ரூபனும் ஜெபிச்சான். முதலை என்னை விட்டுருச்சு. அவனைக் கொண்டு போயிருச்சு. கர்த்தர் காப்பாத்துதார்னா அவனை ஏன் காப்பாத்தல? காப்பாத்தலன்னா நான் எப்படி உசுரோட இருக்கேன்?"

"ரூபன் ஏன் போனான்னு எனக்குத் தெரியாது."

"எட்டு வருஷமா இருக்கிய."

"எட்டு வருஷமா தெரியாது. தெரியாததை நான் சொல்லித்தர மாட்டேன்."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு தூரம் வந்து கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதிலா என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

"நீங்க எப்படி உசுரோட இருக்கியங்கிறது வேணும்னா எனக்குத் தெரியும்," என்றார் எப்சிபா. "அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கேன். முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் கம்பியில கை வச்சிருக்கிய. யாரு காப்பாத்தினது?"

"கர்த்தர்தான்."

"சரி. கீழ யாரு நின்னா?"

மாசிலாமணி நிமிர்ந்தார். "சுடலைமணி. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நிப்பான். நான் இறங்குத வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். டீ குடிக்கக்கூடப் போக மாட்டான்."

"அவர் கோயிலுக்கு வருவாரா?"

"அவனா? சுடலைமாடனுக்கு வருஷா வருஷம் கிடா வெட்டுதவன்."

எப்சிபா சிரித்தார். எழுந்து பந்தல் காலைத் தட்டினார். "பந்தல் நல்லாப் போட்டிருக்கிய. கம்பு எங்க எடுத்தது?"

"ஆத்து மணல்ல சும்மா நின்னுச்சு."

"அடியில கருப்பா இருந்திருக்குமே."

"ஆமா. கரிஞ்சுபோன கம்பு. அதான் விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அந்தக் காலத்து மரப் போஸ்டுக்கு அடியில எதுக்கு அண்ணாச்சி தார் பூசுவாங்க?"

"ஈரத்துல உளுத்துப் போகாம இருக்க."

"தார் கிடைக்காத ஊர்ல என்ன பண்ணுவாங்க?"

மாசிலாமணி பந்தல் காலடியில் குத்தவைத்து, கையால் மண்ணை விலக்கிப் பார்த்தார். கம்பின் அடி சுற்றிலும் ஒரே அளவாகக் கருகியிருந்தது. தானாக எரிந்த மரம் அப்படி எரியாது. யாரோ தீயில் மெல்லத் திருப்பித் திருப்பி வாட்டியிருக்கிறார்கள்.

"காலையில கேனை எடுத்துக்கிட்டு வாங்க," என்றார் எப்சிபா. "ஏழு மணிக்கு."

"சிஸ்டர், நான் ஆத்துப் பக்கம் போயி பன்னெண்டு நாளாச்சு."

"தெரியும். நாளைக்கு இறங்க வேண்டாம். மேட்டுல நின்னு பாத்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு இரண்டு பேரும் ஆற்று மேட்டில் நின்றார்கள். மாசிலாமணி பெண்கள் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் அங்கே வந்ததே இல்லை. முப்பது பெண்களாவது இருப்பார்கள். குடமும் வாளியுமாக, பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தண்ணீரில் நின்றார்கள். அவர்களைச் சுற்றி, கரையின் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி ஆற்றுக்குள் வளைந்து அந்தப் பக்கம் வந்து சேரும் வேலியாக, கம்புகள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நின்றன. இரண்டு ஓரமும் நெருக்கமாக இருந்தது. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு வெறும் தண்ணீர்.

அந்த இடத்தில் மசாவுகோ நின்றார். மார்பளவுத் தண்ணீர். முகம் ஆற்றுப் பக்கம், முதுகு பெண்கள் பக்கம். தடி தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

மாசிலாமணி எண்ணவில்லை. எண்ண வேண்டியதில்லை. பதிமூன்று கம்பு எவ்வளவு அகலம் வரும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

கேன் கையிலிருந்து நழுவி மேட்டில் உருண்டது.

"இது முதலைக்குப் போட்ட வேலி," என்றார் எப்சிபா. "மசாவுகோ தனியாளா நட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவர் பொஞ்சாதியை இந்தத் துறையிலதான் எடுத்துச்சு. அந்த மாசமே அக்கரைக்குப் போயி, ரெண்டு நாள் நடந்து, இந்த மரத்தை வெட்டிக் கொண்டுவந்து, தண்ணி வத்தட்டும்னு காத்திருக்காம நட்டார்."

"ஒருத்தரும் என்கிட்டச் சொல்லலியே சிஸ்டர்."

"விருந்தாளிகிட்டக் குத்தம் சொல்ல மாட்டாங்க. அதோட நீங்க பிரசங்கம் வேற பண்ணிட்டிய."

"என்னன்னு?"

"வேலி காக்காது, கர்த்தர் காக்கார்னு. வேலியைப் பிடுங்கிப் பந்தலாப் போட்டு, அதுக்கடியில நின்னு சொல்லியிருக்கிய. கடவுளோட ஆளு, காரணமாத்தான் பிடுங்கியிருக்கார்னு பொம்பளையெல்லாம் நம்பிட்டாங்க. பயமே இல்லாம இறங்கிட்டாங்க. நேத்து என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க."

மாசிலாமணி துறையைப் பார்த்தார். முப்பது பெண்கள், அவர் ஒருவர் வார்த்தையை நம்பி.

"மசாவுகோ அன்னைக்குப் பிரசங்கத்துக்கு வரல," என்றார் எப்சிபா. "நல்லதாப் போச்சு."

கீழே பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேடேறினார்கள். எப்சிபாவைக் கண்டு கைதட்டி வணங்கிப் போனார்கள். கடைசிப் பெண்ணும் போயாயிற்று. துறையில் ஒருவரும் இல்லை.

மசாவுகோ கரையேறவில்லை. தடி தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களே," என்றார் மாசிலாமணி. "இன்னும் ஏன் நிக்கார்?"

"கடைசிக் கேன் வரலியே."

மாசிலாமணி எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பச்சைக் கேன்," என்றார் எப்சிபா. "எட்டு மணிக்கு வரும். வந்துட்டுப் போனாத்தான் அவர் கரையேறுவார்."

"நான் வந்து பன்னெண்டு நாளாச்சு சிஸ்டர்."

"பன்னெண்டு நாளும் நின்னிருக்கார். எட்டு மணிக்கு மேலயும் நின்னு பாத்துட்டு, இனி வர மாட்டார்னு தெரிஞ்ச பிறகு ஏறியிருக்கார். மறுநாளும் வந்து நின்னிருக்கார்."

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாகத் தான் கண்ணை மூடிச் செய்த ஜெபமும், கண்ணைத் திறந்ததும் எதிரே தெரிந்த அந்த மனிதரின் முகமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கேட்டது கண்ணெதிரே நின்றிருக்கிறது. கைதட்டி வணக்கமும் சொல்லியிருக்கிறது. அவர் அதற்கு மீன் கிடைக்க ஜெபிக்கச் சொல்லி மகளுக்கு எழுதியிருக்கிறார். அழுகை வந்தது, அடக்கவில்லை. பயத்தில் வந்த அழுகை இல்லை அது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு நடுவில் இத்தனை நாள் கேனை நிரப்பிக்கொண்டிருந்தோமே என்ற பிரமிப்பு.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கீழே போனார். துறை ஓரத்தில் நின்று கைகளைக் குவித்துத் தட்டினார். மசாவுகோ திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார். பிறகு கேனைக் காணாமல் இவர் கைகளைப் பார்த்தார்.

மாசிலாமணி அந்த மொழியில் மன்னிப்புக்குத் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். மசாவுகோ ஏதோ பதில் சொன்னார்.

"என்ன சொல்லுதார்?"

எப்சிபா பின்னாலேயே வந்திருந்தார். "தெரியாதவர் எடுத்துட்டார், தெரிஞ்சவன்தான நிக்கணும், அப்படிங்கார்."

மாசிலாமணி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று மேடேறிப் போய்ப் பந்தலில் கை வைத்தார். கட்டவிழ்க்கப் பொறுமையில்லை. அரிவாளால் கயிறுகளை அறுத்தார். கூரை சரிந்தது. உபதேசியார் ஓடி வந்தார், பார்த்தார், ஒரு முனையைப் பிடித்தார். ஆலயத்து வாசல் மொட்டையாக நின்றது. இரண்டு பேருமாக நாலு நடையில் பதிமூன்று கம்பையும் துறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

மசாவுகோ கரையேறி வந்து கம்புகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, கருகிய அடியைத் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார். ஒரு கம்பை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எப்சிபாவிடம் பேசினார்.

"இப்பவே நடலாம்ங்கார்," என்றார் எப்சிபா. "ஆனா ஒரு ஆள் தலையைக் குனிஞ்சு, கை ரெண்டையும் தண்ணிக்குள்ள விட்டு நடணும். அந்த நேரம் ஆத்தைப் பாக்க முடியாது. வேலிக்கு வெளிய ஆள் நின்னு தண்ணியை அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"அன்னைக்கு இவர் நட்டப்ப யாரு வெளிய நின்னா?"

எப்சிபா கேட்டுச் சொன்னார். மசாவுகோ பதிலுக்குச் சிரித்தபடி வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"யாருமில்லையாம்."

"பதிமூணு கம்புக்குமா?"

"முழு வேலிக்கும்."

மேலே ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. பத்து மணி வண்டி. டிரைவர் வழக்கம்போல இரண்டு முறை ஹாரன் அடித்தார். பெட்டி வாசலில் கட்டித் தயாராக இருந்தது.

மசாவுகோ முதல் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. காலியாக இருந்த இடத்துக்கு வந்ததும் முதுகை ஆற்றுப் பக்கம் திருப்பினார். காலால் அடிமண்ணைத் துழாவி, பழைய குழியைத் தேடினார்.

எப்சிபா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஒரு தடியை எடுத்து, மேற்குப் பக்கமாகத் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். கிழக்குப் பக்கம் ஆளில்லை. கரையில் இன்னொரு தடி கிடந்தது.

மாசிலாமணி மசாவுகோவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஊருக்கெல்லாம் இவர் நின்னார். எனக்கும் நின்னார். இவருக்குன்னு நிக்கக் கர்த்தர் ஒருத்தரையும் அனுப்பலியா?"

மேலே வண்டி மறுபடியும் ஹாரன் அடித்தது.

"அனுப்பாம இருப்பாரா?" என்றார் எப்சிபா. "தெசயன்வெளையில இருந்து வரணும்லா. கொஞ்சம் நேரமாயிட்டு."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றி உபதேசியார் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தடியை எடுத்துக்கொண்டு, மசாவுகோவைத் தாண்டிப் போய், ஆற்றைப் பார்த்து நின்றார்.